ரெண்டு அங்குலம் உயர்ந்த கெப்

எங்கட பக்கத்தில் ஒரு வாகனத்தை உயர்த்தியிருக்கிறார்கள் என்றால், பார்க்கிறவர்கள் ரெண்டில் ஒன்றை நினைப்பார்கள். ஒன்று, பெடியன் ஸ்டைலுக்குச் செய்திருக்கிறான். மற்றது, வட்டைக்குப் போய்வாற ஆள், சேற்றுக்காகச் செய்திருக்கிறார். 2024 மாரிக்குப் பிறகு மூன்றாவது காரணம் ஒன்றும் சேர்ந்துவிட்டது: வெள்ளத்துக்காக. மாமாவின் பழைய கெப்பை காரைதீவில் வீட்டு முற்றத்தில் வைத்தே ரெண்டு அங்குலம் தூக்கினோம். அதை எப்படிச் செய்தோம், அது எதைத் தரும், எதைத் தராது என்று எழுதி வைக்கலாம் என்று நினைத்தேன். முக்கியமாக அந்த மூன்றாவது காரணத்துக்காகச் செய்ய நினைக்கிற ஆட்களுக்காக.

முதலில் வாகனம். டொயோட்டா ஹைலக்ஸ் டபிள் கெப், எல்.என்.106. முன்னுக்கும் பின்னுக்கும் இலை வில், முன்னுக்கும் முழு அச்சு, 2.8 லீற்றர் டீசல் எஞ்சின். 1988இலிருந்து 1997 வரை வந்த மொடல். வயசு என்னை விடக் கூட. "இதை வித்துப்போட்டு வேற எடுங்க" என்று சொல்வது லேசு. 2020 மார்ச்சில் நிறுத்தின வாகன இறக்குமதியைத் தனியாருக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். அந்த ஐந்து வருசத்தில் நாட்டில் இருக்கிற பழைய வாகனம் எல்லாம் தங்கமாகிப் போனது. திறந்த பிறகும் வரியைக் கேட்டால் கை நடுங்கும். அதனால் எங்கட ஊர்களில் பழையதைத்தான் திருத்தித் திருத்தி ஓடுகிறோம்.

இடம் தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்கிறேன். கல்முனையிலிருந்து தெற்கே வந்தால் சாய்ந்தமருது, மாளிகைக்காடு, காரைதீவு, பிறகு நிந்தவூர் என்று ஊர்கள் கடற்கரையோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு ஊர் முடிகிற இடமும் அடுத்தது தொடங்குகிற இடமும் வெளியாளுக்கு விளங்காது. காரைதீவுச் சந்தியில் மேற்கே திரும்பினால் மாவடிப்பள்ளி, அதைத் தாண்டினால் சம்மாந்துறை, பிறகு அம்பாறை. சந்திக்கும் சம்மாந்துறைக்கும் இடையில் வீதியின் ரெண்டு பக்கமும் வயல். வயல்வெளியைத்தான் நாங்கள் வட்டை என்போம். மாரி காலத்தில் மேற்கிலிருந்து வருகிற தண்ணி எல்லாம் இந்தத் தாழ்ந்த வயலுக்குள்ளால்தான் கடலுக்கு இறங்க வேண்டும். அதுக்குக் குறுக்கே இந்த வீதி கிடக்கிறது.

2024 நவம்பர் 26ஆம் திகதி அந்த வீதியில் நடந்தது இந்தப் பக்கத்து ஆட்கள் யாருக்கும் மறக்காது. நிந்தவூரில் ஓதிக்கொண்டிருந்த மத்ரசா மாணவர்கள், வெள்ளத்தால் விடுமுறை விட்டு, சம்மாந்துறைக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். மாவடிப்பள்ளியில் அவர்களை ஏற்றிய உழவு மெசினை வெள்ளம் இழுத்துக்கொண்டு போனது. பிள்ளைகளும் கூடப் போன பெரியவர்களுமாகப் பல உயிர்கள் போயின. நாள்கணக்கில் தேடினார்கள். அந்தக் கிழமை எங்கட ஊர்களில் சத்தமாகக் கதைத்த வீடே இல்லை.

அதுக்குப் பிறகுதான் மாமா கெப்பை உயர்த்துகிற கதையை எடுத்தார். அவருக்கு வேறு காரணமும் இருந்தது. போன பெரும்போகத்தில் வட்டைக்குள் கெப் மூன்று தரம் புதைந்தது. பெரிய டயர் போட ஆசைப்பட்டார். 29 அங்குல டயர் இருந்த இடத்தில் 31 அங்குலம் போட்டால், ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டயர் மட்கார்டில் உரசும். உரசாமல் இருக்க பொடியைத் தூக்க வேண்டும். "மருமகன், நீதானே யூடியூப்ல எல்லாம் பாக்கிறாய். செய்யேலுமா?" என்று கேட்டார்.

செய்யலாம். ஆனால் "தூக்குவது" என்ற சொல்லுக்குள் ரெண்டு வேலை இருக்கிறது. ஒன்று வில்லைத் தூக்குவது. இலை வில்லை மாற்றி, அல்லது வில்லைச் செசியோடு சேர்க்கிற நீட்டுக் கொழுக்கிகளை மாற்றி, செசியையே நிலத்திலிருந்து உயர்த்துவது. மற்றது பொடியை மட்டும் தூக்குவது. ஹைலக்ஸ் மாதிரி வாகனங்களில் செசி என்பது தனி ஏணி. எஞ்சின், கியர்பெட்டி, அச்சு, டீசல் தாங்கி எல்லாம் அந்த ஏணியில்தான் பிடித்திருக்கும். ஆட்கள் இருக்கிற கெபினும் சாமான் ஏற்றுகிற பின்பெட்டியும் றப்பர் புஷ் வைத்து, மேலால் போல்ட் போட்டு, அந்த ஏணியில் உட்கார வைத்திருக்கும். பொடி லிஃப்ட் என்றால் அந்த றப்பருக்கும் செசிக்கும் இடையில் ஒரு கட்டை வைப்பது. அவ்வளவுதான். செசி இருந்த உயரத்திலேயே இருக்கும். அச்சு, டிஃப் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். சீற்றும் கதவும்தான் மேலே போகும்.

இது செலவு குறைந்த வழி. வில் மாற்றாததால் ஓட்டத்தின் தன்மையும் மாறாது. அமெரிக்கா, கனடாப் பக்கம் ஆரம்பத்தில் ஐஸ் ஹொக்கி விளையாடுகிற கருப்பு றப்பர் வட்டைத் துளைத்து இடையில் வைத்திருக்கிறார்கள். அது ஒரு அங்குலம் தடிப்பு, மூன்று அங்குலம் அகலம். அளவு சரியாகப் பொருந்தியதால் வைத்தார்கள். இப்போது நைலோன், அலுமினியத்தில் செற்றாகவே விற்கிறார்கள். மூன்று அங்குலத்துக்கு மேல் யாரும் புத்தியோடு போவதில்லை. கட்டை உயர உயர, போல்ட்டில் வளைவு விசை கூடும். பிரேக் அடிக்கும்போதும் மோதும்போதும் முழு கெபினையும் பிடித்து நிற்கிறது அந்த மெல்லிய போல்ட்தான்.

மாமாவின் முதல் யோசனை பாலைக் கட்டை. "இரும்பு மாதிரி இரிக்கி, ஏன் காசு குடுத்து நைலோன்?" என்றார். பாலை உறுதிதான். ஆனால் மரம் தண்ணி குடிக்கும், காயும், பிறகு வெடிக்கும். போல்ட்டின் இறுக்கம் ஒரு மாரி தாங்காது. கல்முனையில் அரிசி ஆலைகளுக்குப் புஷ் கடைந்து கொடுக்கிற லேத்துக் கடை ஒன்று இருக்கிறது. அங்கே 75 மில்லிமீற்றர் நைலோன் தடியை 50 மில்லிமீற்றர் துண்டுகளாக வெட்டி, நடுவில் துளைத்துத் தந்தார்கள். எல்லாத் துண்டும் ஒரே உயரம்தானா என்று கலிப்பர் வைத்துப் பார்த்துத்தான் எடுத்தோம். ஒன்று கூடிக் குறைந்தால் கெபின் முறுகும். முறுகினால் கதவு பூட்டாது, கண்ணாடி வெடிக்கும்.

போல்ட்டில் காசு மிச்சம் பிடிக்கக் கூடாது. பழைய போல்ட்டின் விட்டம் அப்படியே, நீளம் மட்டும் 50 மில்லிமீற்றர் கூட. தலையில் 8.8 அல்லது 10.9 என்று அடித்திருக்க வேண்டும். 8.8 என்றால் ஒரு சதுர மில்லிமீற்றருக்கு 800 நியூற்றன் இழுத்தால்தான் அறும். அதில் 80 வீதம் வரைக்கும் நிரந்தரமாக நீளாது. தலையில் ஒன்றும் அடிக்காத போல்ட் கூரைத் தகரத்துக்குப் பிடிக்கலாம், கெபினுக்குக் கூடாது.

வேலைக்கு ரெண்டு நாள் எடுத்தது. நான், மாமாவின் மகன், காரைதீவில் வெல்டிங் கடை வைத்திருக்கிற அண்ணன் ஒருவர். வெல்டிங் அண்ணன் வந்தது ஒரு சின்ன வேலைக்கு. கடைசியில் ரெண்டு நாளும் எங்களோடேயே நின்றார். எங்கட முற்றம் கடல் மணல். வெறும் மணலில் ஜெக் வைத்தால் வாகனம் உயராது, ஜெக்தான் கீழே போகும். பழைய கதவுப் பலகை ரெண்டை அடியில் போட்டு அதுக்கு மேல் ஜெக் வைத்தோம். இது சின்ன விசயம் மாதிரித் தெரியும். கெபின் அந்தரத்தில் இருக்கும்போது ஜெக் சரிந்தால் இடையில் இருக்கிற விரல் மிஞ்சாது. ஜெக்கை மட்டும் நம்பாமல் பக்கத்தில் கட்டை அடுக்கித் தாங்கு கொடுத்த பிறகுதான் யாரும் கை வைத்தோம்.

முதல் வேலை பற்றரியைக் கழற்றுவது. அடுத்தது, பொடிக்கும் செசிக்கும் இடையில் ஓடுகிற எல்லாவற்றையும் தேடுவது. இதுதான் உண்மையான வேலை. கட்டை வைப்பது கடைசி அரை மணித்தியாலம். ஸ்டியரிங் தண்டு கெபினிலிருந்து இறங்கி செசியில் இருக்கிற பெட்டிக்குப் போகிறது. ரெண்டு அங்குலம் தூக்கினால் அது நீள வேண்டும். நீளுகிற இடம் மிச்சம் இருக்கிறதா என்று முதலே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் அதுக்கென்று செய்த நீட்டுத்துண்டு போட வேண்டும். வெட்டி வெல்ட் பண்ணுகிற வேலை வேண்டவே வேண்டாம். எங்களுக்கு இடம் இருந்தது. பிரேக் மாஸ்டர் கெபினோடு உயரும், அதிலிருந்து போகிற குழாய் செசியில் நிற்கும். அதை மெதுவாக நிமிர்த்தி, வளைவில் மடியாமல், இழுவை இல்லாமல் விட்டோம். கிளச் ஹோஸும் அப்படித்தான். அர்த் வயர் இழுபட்டு அறும், அதை நீட்டினோம். ஹேண்ட் பிரேக் கேபிள், அக்சிலேற்றர் கேபிள் ரெண்டிலும் தளர்வு இருக்கிறதா என்று பார்த்தோம்.

டீசல் ஊற்றுகிற வாய் பின்பெட்டியில் இருக்கிறது, தாங்கி செசியில். நடுவில் இருக்கிற றப்பர் ஹோஸைக் கழற்றாமல் தூக்கினால் கிழியும். டீசலுக்குத் தாங்குகிற ஹோஸ் நீளமாக வாங்கிப் போட்டோம். கியர் லீவர்கள் தரைக்குக் கீழே கியர்பெட்டியில் நிற்கும். தரை மட்டும் மேலே வரும். லீவர் குட்டையான மாதிரி இருக்கும். ஃபோர் வீல் லீவரை முன்னுக்குத் தள்ளும்போது தரையின் துளை ஓரத்தில் முட்டினால், ஏற்றத்தில் கியர் கழன்று வரும். துளையைக் கொஞ்சம் அகட்டினோம்.

ஆட்கள் கூடுதலாக மறந்து போவது ரேடியேற்றர். ரேடியேற்றர் பொடியில், ஃபேன் எஞ்சினில். பொடி ரெண்டு அங்குலம் உயர்ந்தால் ரேடியேற்றர் மேலே போகும், ஃபேன் பழைய இடத்தில் நின்று அதைச் சுற்றியிருக்கிற கவரைக் கீழே வெட்டும். வெட்டாவிட்டாலும் காற்று ரேடியேற்றரின் கீழ்ப்பாதிக்கு மட்டும்தான் போகும். சம்மாந்துறை வெயிலில் நெல் ஏற்றிக்கொண்டு வந்தால் எஞ்சின் கொதிக்கும். வெல்டிங் அண்ணனைக் கூப்பிட்டது இதுக்குத்தான். தட்டை இரும்பில் நாலு பிறக்கெற் அடித்து, ரேடியேற்றரை ரெண்டு அங்குலம் கீழே இறக்கி, பழைய இடத்துக்கே கொண்டு வந்தார். "தம்பி, இது பொடிய தூக்கிற வேலை எண்டு சொன்னீங்க, இப்ப இறக்கிற வேலைதான் கூட" என்றார்.

பிறகு போல்ட். கடற்கரை ஊர் வாகனத்தில் போல்ட் கழற்றுவது ஒரு தவம். உப்புக் காற்று முப்பது வருசமாக வேலை செய்திருக்கிறது. முதல் நாள் பின்னேரமே எண்ணெய் ஊற்றி வைத்தோம். ரெண்டு போல்ட்டுக்கு நெருப்புக் காட்ட வேண்டி வந்தது. டீசல் தாங்கிக்குக் கிட்ட இருந்ததை நெருப்பில்லாமல், தாளம் போடுகிற மாதிரி தட்டித் தட்டியே எடுத்தோம். செசியில் கறள் பிடித்த இடங்களைச் சுரண்டிப் பார்த்தோம். தகரம் மாதிரி உதிர்ந்திருந்தால் வேலையை அங்கேயே விட்டிருக்க வேண்டும். கறள் தின்ற செசியில் கட்டை வைத்துப் பிரயோசனம் இல்லை. நல்ல காலம், மேல்தோல் மட்டும்தான்.

எல்லாப் போல்ட்டையும் தளர்த்தி, ஒரு பக்கத்தை மட்டும் முழுசாகக் கழற்றி, பலகை வைத்து ஜெக்கால் கெபின் ஓரத்தைத் தூக்கி, கட்டைகளை உள்ளே விட்டு, புதுப் போல்ட்டைக் கையால் மட்டும் முறுக்கி, மற்றப் பக்கம். பின்பெட்டிக்கும் அதேதான். வெடித்துப் போயிருந்த றப்பர் புஷ்களையும் இந்தக் கையோடு மாற்றினோம். ரெண்டு பக்கமும் உட்கார்ந்த பிறகுதான் சாவி போட்டு இறுக்கினோம். இறுக்கினது முடிவில்லை. 100 கிலோமீற்றர் ஓடிப் பார்த்து, பிறகு 500 ஓடிப் பார்த்து, மறுபடி இறுக்க வேண்டும். நைலோனும் றப்பரும் அமுங்கும்.

டயர் போட்டு வீதிக்கு எடுத்தால் கெப் ஆளே மாறிவிட்டது. பம்பருக்கும் பொடிக்கும் நடுவில் ரெண்டு அங்குல இடைவெளி, சப்பாத்து இல்லாமல் சூட் போட்ட மாதிரி. ஆனால் உயரம். பக்கத்து வீட்டுச் சின்னப் பெடியன்கள் சுத்தி நின்றார்கள். ஒருவன் சொன்னான், "இனி மாவடிப்பள்ளித் தண்ணியெல்லாம் சும்மா." மாமாவும் சிரித்துக்கொண்டு, "இனி மாரிக்குப் பயமில்லடா மருமகன்" என்றார்.

நான் உயர்தரத்தில் பௌதிகவியல் படித்த அளவுக்கு மேல் ஒன்றும் படித்தவன் இல்லை. ஆனால் மேலுதைப்புக் கணக்குப் போட அது போதும். அன்றிரவு ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நீங்களும் கூடவே போட்டுப் பாருங்கள்.

கெபின் கிட்டத்தட்ட மூன்று சதுர மீற்றர் அடிப்பரப்புள்ள ஒரு பெட்டி. கதவு பூட்டியிருந்தால் தண்ணி உடனே உள்ளே வராது. தரைக்கு மேல் ஒவ்வொரு 10 சென்ரிமீற்றர் தண்ணிக்கும் 300 கிலோ மேலே தள்ளும். கெப்பின் முழு எடை ஒன்றரைத் தொன்னுக்குக் கொஞ்சம் கூட. தரை முதலில் 60 சென்ரிமீற்றரில் இருந்தது என்று வையுங்கள். பொடி லிஃப்ட்டால் 5 சென்ரிமீற்றர். டயரின் விட்டம் ரெண்டு அங்குலம் கூடினால் அச்சு உயர்வது அதில் பாதி, 2.5 சென்ரிமீற்றர். மொத்தம் 7.5. ஒரு மீற்றர் வெள்ளத்தில் முதலென்றால் கெபின் மட்டும் 1,200 கிலோ மிதப்புத் தரும். இப்போது 975 கிலோ. 225 கிலோ லாபம்.

ஆனால் டயரும் காற்றடைத்த பந்துதானே. அகலமும் உயரமும் கூடின புது டயர் நாலும் பழையதை விடக் கூடத் தண்ணியை விலக்கும். டயரின் கூடின எடையைக் கழித்துப் பார்த்தாலும் என் மேலோட்டமான கணக்கில் 120 கிலோ மிதப்புக் கூடுகிறது. மிச்ச லாபம் 100 கிலோ சொச்சம். ஒரு நெல்மூட்டை 65 கிலோ என்றால், ஒன்றரை மூட்டை நெல். ரெண்டு நாள் வேலைக்கும் நாலு டயர் காசுக்கும் வெள்ளத்துக்கு எதிராகக் கிடைத்தது அவ்வளவுதான். கெபினும் டயரும் எஞ்சினும் செசியும் விலக்குகிற தண்ணியைச் சேர்த்துப் பார்த்தால், ஒரு மீற்றரில் கெப்பின் எடையில் பெரும்பகுதி தண்ணியின் கையில். டயர் நிலத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும், பிடிக்காது.

இது நிற்கிற தண்ணிக் கணக்கு. ஓடுகிற தண்ணி பக்கத்தால் தள்ளும். வேகம் ரெண்டு மடங்கானால் தள்ளுகிற விசை நாலு மடங்கு. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவை சனங்களுக்குச் சொல்கிற கணக்கு ஒன்று இருக்கிறது: ஓடுகிற தண்ணி 12 அங்குலம் இருந்தால் சின்னக் கார் போய்விடும், 24 அங்குலத்தில் ஜீப், பிக்கப் உட்பட அனேகமான வாகனங்கள் போய்விடும். 24 அங்குலம் என்றால் ஒரு வளர்ந்த ஆளின் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. ரெண்டு அங்குலம் உயர்த்தின எங்கட கெப்பும் அந்தக் கணக்குக்குள்தான்.

எஞ்சினுக்கும் பெரிய மாற்றமில்லை. காற்று உறிஞ்சுகிற வாய் பொடியோடு ரெண்டு அங்குலம் மேலே வந்தது உண்மை. ஸ்டாட்டர், ஒல்ரனேற்றர், ஃபேன், டிஃப் மூச்சுவிடுகிற குழாய் எல்லாம் செசியோடு பழைய இடத்தில்தான். புது டயர் தந்த ஒரு அங்குலம் மட்டும்தான் கூட. சூடான டிஃப் குளிர்ந்த தண்ணிக்குள் இறங்கினால் உள்ளே காற்றுச் சுருங்கி அந்தக் குழாயால் தண்ணியை உறிஞ்சும். அந்தக் குழாயை நீட்டி எஞ்சின் அறைக்கு மேலே கொண்டு வந்தோம். அது நல்ல வேலை, எண்ணெய் பழுதாகாது. ஆற்றைக் கடக்க உதவாது.

கொப்பியை மாமாவிடம் காட்டினேன். அவர் இலக்கத்தைப் பார்க்கவில்லை. "உழவு மெசின் போகுதே" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவராகவே நிறுத்திக்கொண்டார். உழவு மெசினின் பின்சில்லு எங்கட கெப்பின் பொனட்டை விட உயரம். எங்கட கெப்பை விட உயரமான, பாரமான வாகனம் அது. உயரம் காப்பாற்றும் என்றால் அந்தப் பிள்ளைகளைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

எனக்குப் பயம் தந்தது வேறு. புது சீற் உயரத்தில் இருந்து பார்த்தால் தண்ணி தாழ்வாகத் தெரியும். அதே தண்ணி, அதே வீதி. நாங்கள் மட்டும் ரெண்டு மூன்று அங்குலம் மேலே இருக்கிறோம். கீழே இருந்து பார்த்தால் "வேணாம்" என்று சொல்லியிருக்கிற ஆள் மேலே இருந்து பார்த்தால் "பாப்பம்" என்பார். போதாக்குறைக்கு, ஊருக்கே தெரியும் இவருடைய கெப் உயர்த்தினது என்று. வெள்ளம் வந்தால் அவருடைய கேற்றில்தான் முதலில் தட்டுவார்கள்.

மாமா அதைத்தான் கேட்டார். "ஒரு புள்ளத்தாச்சிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும் எண்டு ஆள் வந்து நிண்டா என்ன சொல்லுவாய்? என்ர கெப் வராது எண்டு சொல்லவா?" இதுக்கு என்னிடம் கொப்பிக் கணக்கு இல்லை. ஆனால் யோசித்துப் பார்த்தோம். கல்முனைப் பக்கம் ரெண்டு பெரிய வைத்தியசாலை இருக்கு. சம்மாந்துறையிலும் ஆதார வைத்தியசாலை இருக்கு. தண்ணியின் எந்தப் பக்கம் நிற்கிறோமோ அந்தப் பக்கம் ஆஸ்பத்திரி இருக்கு, கடக்கத் தேவையில்லை. நடுவில் மாட்டுகிறது மாவடிப்பள்ளியும் வட்டைக்குள் இருக்கிற வீடுகளும்தான். அவர்களுக்குக் கெப் உதவுகிற நேரம் ஒன்று இருக்கிறது: தண்ணி வீதியில் ஏறுவதுக்கு முந்தின நாள். மழை எச்சரிக்கை வந்த உடனே, நாள் கிட்டின கர்ப்பிணி, டயலிசிஸ் செய்கிற ஆள், வயசான ஆட்களை இந்தப் பக்கம் சொந்தக்காரர் வீட்டுக்குக் கொண்டு வந்து விடுவது. சேற்றுப் பாதைக்குள் புதையாமல் போய் ஆளை ஏற்ற பெரிய டயர் நல்ல பிரயோசனம். தண்ணி ஏறின பிறகு அது தோணிக்காரரின் வேலை, படையினரின் வேலை.

மூன்று விசயம் ஒரு அட்டையில் எழுதி டேஷ்போர்டில் ஒட்டினோம். வீதியின் ரெண்டு ஓரமும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். தண்ணி ஓடாமல் நிற்க வேண்டும். சில்லின் நடுவுக்குக் கீழே இருக்க வேண்டும். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் திரும்புவது. மாமா தன் கையால் நாலாவது ஒன்று எழுதினார்: "பின்னால ஆள் ஏத்தி தண்ணிக்குள்ள இறங்கிறதில்ல."

நீங்களும் பொடி லிஃப்ட் செய்யப் போகிறீர்கள் என்றால் செய்யுங்கள். சேற்றுக்கு நல்லது, பெரிய டயருக்கு வேணும், வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை. தொடங்க முதல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரியுங்கள், காப்புறுதிக்கும் எழுத்தில் அறிவியுங்கள். நல்ல போல்ட் வாங்குங்கள், ரேடியேற்றரை மறக்காதீர்கள். முடிந்த பிறகு ஊரில் யாராவது "இனி வெள்ளம் சும்மா" என்றால் சிரித்துவிட்டுப் போகாமல், நின்று அந்த ஒன்றரை மூட்டைக் கணக்கைச் சொல்லுங்கள். நான் இதை எழுதுகிறது புரட்டாதியில். பெரும்போக விதைப்புக்கு வட்டையில் உழவு தொடங்கப் போகிறது, அதுக்குப் பின்னால் மாரி. கெப் இப்போது 500 கிலோமீற்றர் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போல்ட் எல்லாத்தையும் மறுபடி இறுக்க வேண்டும். வெல்டிங் அண்ணனும் வாறேன் என்றிருக்கிறார்.